ஒற்றைக் கால் சுமைதாங்கி

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு மாலை. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பிய நான், கூடத்துத் தரையில் விரிந்து கிடந்த ஒரு பெரிய தாளைக் கண்டு திகைத்து நின்றேன். தாளின் நடுவே ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். அவர் மார்பின் மேல் ஒரு பாறை. கையிலும் காலிலும் சங்கிலி. தலைக்கு மேல் தகிக்கும் சூரியன்; ஓரத்தில் ஒரு சாட்டை; பின்னால் பேரீச்ச மரங்களும் ஒட்டகங்களும். எல்லாவற்றுக்கும் மேலே, இரத்தம் சொட்டுவதுபோல் சிவப்பு மையில், ‘அஹத்’ என்ற சொல். பக்கத்தில் என் இளைய மகள் தூரிகையும் கையுமாக அமர்ந்திருந்தாள்.

என் கை தானாகவே அந்தத் தாளை நோக்கி நீண்டது. எடுத்துப் பார்க்க நீண்டதா, கிழிக்க நீண்டதா என்று அக்கணத்தில் யாரேனும் கேட்டிருந்தால் என்னால் உறுதியாக விடை சொல்லியிருக்க முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு கை என் தாளை நோக்கி நீண்டதுண்டு. அந்தக் கை கிழித்தது. அக்கதையைப் பிறகு சொல்கிறேன்.

“அத்தா, கோபப்படாம ஒரு நிமிஷம் கேளுங்க” என்றாள் மகள். அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் பேருந்தில் போய் விடுதியில் தங்கி, வார இறுதியில் வீடு வருபவள். அந்தப் படிப்பில் சேர்க்க நான் சம்மதித்ததே அவள் தாயாரின் வற்புறுத்தலால்தான் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. கல்லூரியில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்: ஏதேனும் ஒரு திரைப்படத்தில் வரும் ஒரு வசனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அந்த வசனத்தின் பொருள் ஒரே தாளில் படமாக விளங்க வேண்டும், நடிகரின் முகம் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

நிபந்தனையைக் கேட்டவுடன் என் கோபம் பாதியாகத் தணிந்தது. முகம் கூடாது என்று ஒரு சினிமாப் பாடத்திலேயே சொல்கிறார்களா? நான் அறிந்த சினிமா முழுவதும் முகமாகவே அல்லவா இருந்தது!

சிறுவனாக அத்தாவுடன் மதுரைக்குப் போன நாட்களில், பேருந்தின் ஜன்னல் வழியே திரையரங்கு வாசல்களில் கட்டியிருந்த பிரம்மாண்டமான பேனர்களை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆசியாவிலேயே பெரியதென்று பேர்பெற்றிருந்த தங்கம் தியேட்டர் அப்போது இருந்தது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பட்ட அரங்கு அது. இன்று அந்த இடத்தில் அரங்கு இல்லை. அக்காலத்துப் பேனர்களைக் கையாலேயே தீட்டினார்கள். சிறிய நிழற்படம் ஒன்றின் மேல் கட்டங்கள் கிழித்து, அதே எண்ணிக்கையில் பெரிய துணியிலும் கட்டங்கள் கிழித்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்குவார்கள். கன்னத்தில் ஊதாவும் நெற்றியில் பச்சையும் பூசினாலும் தெருவின் மறுகோடியிலிருந்து பார்த்தால் அது உயிருள்ள முகமாகத் தெரியும். யார் முகம் பெரிதோ அவரே அப்படத்தில் முதல்வர். வில்லன் சிறியவன், தாய் ஓரத்தில், வசனம் எழுதியவர் அடியில் ஒரு வரி.

நம் சமுதாயத்து அன்பர்கள் இங்கே ஒன்றை நினைவுகூரலாம். 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்குக் கவிஞர் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதியவர் ரவீந்தர். அவர் நாகூர்க்காரர், காஜா முகையதீன் என்பது இயற்பெயர். அவர் எழுதிய சொற்களுக்குக் கொட்டகையில் கைதட்டியவர்களுள் எத்தனை பேர் அவர் முகத்தைக் கண்டிருப்பார்கள்? சொல் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது, மக்கள் மனத்தில் நின்றது முகத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்ட சொல்.

கையால் தீட்டும் பேனர்களை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் அச்சு விழுங்கிவிட்டது. ஆனால் வழக்கம் மாறவில்லை. மதுரைச் சுவர்களைப் பாருங்கள். காதுகுத்து, திருமணம், கண்ணீர் அஞ்சலி எதுவாயினும் ஒரு நடிகரின் முகமும் அவர் படத்து வசனம் ஒன்றும் சுவரொட்டியில் இடம்பெற்றுவிடுகின்றன. கைப்பேசியிலும் அதே கதைதான். ஒரு வசனம், அதன் பின்னால் அதைப் பேசிய நடிகரின் முகம். சொல்லுக்குப் படம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, சொன்னவருக்கே படம் போடுகிறோம். முகத்தை எடுத்துவிட்டால் சொல்லுக்கென்று ஒரு படம் உண்டா? இந்தக் கேள்விதான் அன்று மாலை என்னைத் தரையில் மகளுக்கு எதிரே உட்காரவைத்தது. ஏனெனில் இதே கேள்வி எனக்குப் பதினைந்து வயதில் எழுந்தது.

1984ஆம் ஆண்டில் ‘விதி’ என்றொரு படம் வந்தது. ஏமாற்றப்பட்ட பெண்ணொருத்தி நீதிமன்றத்தில் நியாயம் கேட்கும் கதை. ஆரூர்தாஸ் வசனம். பாட்டுக்களைப்போலவே அப்படத்தின் வசனமும் ஒலிநாடாவாக வந்து தமிழ்நாடெங்கும் விற்பனையாயிற்று. கல்யாண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலிபெருக்கியில் அந்த வழக்காடல் முழங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போது வெளியூரில் ஒரு மதரஸாவில் தங்கி ஓதிக்கொண்டிருந்தேன். மதரஸாச் சுவருக்கு அப்பால் ஒரு கல்யாண வீடு. இரண்டு நாள் இடைவிடாமல் அந்த நாடா ஓடியது. படத்தை நான் அன்றும் பார்த்ததில்லை; இன்றும் பார்த்ததில்லை. பேசியவர்கள் உயரமா குட்டையா, கறுப்பா சிவப்பா என்று தெரியாது. குரல் மட்டுமே தெரியும். அந்தப் பெண் குரல் கூண்டில் நின்று கேள்வி கேட்டபோது, என்னையறியாமல் ‘ஹிதாயத்துன் நஹ்வு’ கிதாபின் கடைசி வெற்றுப் பக்கத்தில் ஒரு படம் வரைந்தேன். உருவம் வரைவது பற்றிய அச்சம் நெஞ்சில் இருந்தபடியால் ஆளை வரையவில்லை. சாட்சிக் கூண்டை மட்டும் வரைந்தேன். கூண்டு காலியாக இருந்தது. அதன் கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டிருந்தது.

உஸ்தாது பார்த்துவிட்டார்கள். என்ன படம் என்று கேட்டார்கள். சினிமா வசனம் என்ற உண்மையைச் சொன்னேன். அடிக்கவில்லை; ஏசவில்லை. பாடத்துப் பக்கத்துக்குச் சேதம் வராதபடி அந்த ஒரு தாளை மட்டும் மெல்லக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் நான் வரைந்ததில்லை.

விந்தை என்னவென்றால், இரண்டு ஆண்டு கழித்து ‘முக்தஸருல் மஆனி’ பாடத்தில் கினாயா என்னும் அணியை எனக்கு விளக்கியவர்களும் அதே உஸ்தாதுதான். ஒருவனைக் கொடையாளி என்று சொல்ல வேண்டும். அரபுப் புலவன் கொடை என்ற சொல்லையே எடுப்பதில்லை. ‘அவன் வீட்டில் சாம்பல் மிகுதி’ என்பான். சாம்பல் மிகுந்தால் அடுப்பு அணையவில்லை. அடுப்பு அணையாவிட்டால் சமையல் ஓயவில்லை. சமையல் ஓயாவிட்டால் விருந்தினர் குறையவில்லை. சாம்பலிலிருந்து கொடைக்கு வந்து சேரும் இந்த வழியைக் கேட்பவனே நடந்து கடக்க வேண்டும். நடந்தவனுக்குத்தான் பொருள் சொந்தமாகிறது. நம் தமிழிலும் இதற்கு உறவான ஒன்றைப் பிறிதுமொழிதல் என்கிறார்கள். வலியறிதல் அதிகாரத்தில் 475ஆம் குறளில் வள்ளுவர் பகையையும் சொல்லவில்லை, படையையும் சொல்லவில்லை. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அன்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் காலிக் கூண்டும் ஒரு சாம்பல்தானே என்று எண்ணினேன். சொல்லத் துணிவில்லை. உஸ்தாது இன்று இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்குவானாக! எனக்குச் சாம்பலின் இரகசியத்தைச் சொல்லித் தந்தவர்கள் அவர்களே. அவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மகள் தேர்ந்துகொண்ட படம் ‘தி மெசேஜ்’. அரபியில் ‘அர்ரிஸாலா’. சிரியா நாட்டு ஹலப் நகரில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்தது. ஒவ்வொரு காட்சியையும் ஆங்கில நடிகர்களைக் கொண்டு ஒரு முறையும் அரபு நடிகர்களைக் கொண்டு ஒரு முறையும் படமாக்கினார். (2005 நவம்பரில் ஜோர்தான் நாட்டு அம்மான் நகரில் நடந்த குண்டுவெடிப்பில் அவரும் அவர் மகளும் உயிரிழந்தார்கள்.) அதில் பெருமானார் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. அவர்கள் நின்று பார்க்கும் இடத்தில் படக்கருவி நிற்கிறது. மற்றவர்கள் அதை நோக்கிப் பேசுகிறார்கள். ஹஜரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்க இரு முனையுள்ள வாள் மட்டுமே வருகிறது. மகள் கைப்பேசியில் அந்தப் பத்ருக் காட்சியைக் காட்டினாள். உருவத்தை விலக்கியதால் படம் குறைந்துவிடவில்லை. விலக்கிய இடத்தில்தான் கண் நிலைக்கிறது.

அவள் எடுத்துக்கொண்ட வசனம் ஒரே ஒரு சொல். மக்கத்துச் சுடுமணலில் உமையா தம் அடிமை பிலால் (ரலி) அவர்களைக் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றி, கொள்கையை விடு என்று வதைத்தபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ‘அஹத்’. ஒருவன். நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்ட வரலாறுதான்.

“இப்ப சொல்லுங்கத்தா, இதுல என்ன குறை?”

“ஒரு சொல்லுக்கு எத்தனை சாட்சி வச்சிருக்கே?” என்று கேட்டேன். “சங்கிலி ஒரு சாட்சி, சாட்டை ஒரு சாட்சி, சூரியன் ஒரு சாட்சி, இரத்தம் ஒரு சாட்சி. ஒட்டகம் எதற்கு வந்தது? அவர்கள் சொன்னது ‘ஒன்று’. நீ வரைந்திருப்பது ஒன்பது.”

அவள் சிரித்துவிட்டாள். பலாகத் இலக்கணத்தில் வேண்டாத நீட்சியை இத்னாபிலிருந்து பிரித்துக் குற்றமென்று சொல்வார்கள். சுருங்கச் சொல்லுதலை ஈஜாஸ் என்று போற்றுவார்கள். படத்துக்கும் அதே இலக்கணம் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அது புதிதல்ல. எதை வரைய வேண்டும் என்பதைவிட எதை விட வேண்டும் என்பதே கடினம் என்று அவள் வகுப்பிலும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாக நீக்கினோம். ஒட்டகம் போயிற்று, மரம் போயிற்று, சங்கிலி போயிற்று. ஆளை நீக்கும்போது தயங்கினாள். “ஆள் இல்லாம வலி எப்படித் தெரியும்?” என்றாள். “பாறை இருக்கிறதே” என்றேன். கடைசியில் பாறையும் சொல்லும் மிஞ்சின. தாளின் மேற்பகுதியில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு கரும்பாறை. அடியில் சிறியதாகச் சொல். அதைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். இருவருக்கும் முகம் வாடிற்று. பாறை சொல்லை நசுக்கியிருந்தது. பார்க்கிறவன் உமையா வென்றான் என்றே எண்ணுவான். பெரியது மேலே, சிறியது கீழே என்று வைத்தாலே கண் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. பேனரில் பெரிய முகத்தை நாயகன் என்று அறிந்துகொண்ட அதே கண்தான்.

அப்போதுதான் எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘அஹத்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து. அலிஃப், ஹா, தால். அலிஃப் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கோடு. தனக்குப் பின்வரும் எழுத்தோடு அது கை கோத்துக்கொள்வதில்லை. எண் கணக்கில் அதன் மதிப்பு ஒன்று. பக்தாது வஸீராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லா எழுத்துக்கலைக்கு அளவு வகுத்தபோது, மற்ற எழுத்துக்களை எல்லாம் அலிஃபைக் கொண்டே அளந்தார். பேனா முனையை அழுத்தி எடுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளியே அலகு. சுலுஸ் எழுத்தில் அலிஃப் பொதுவாக ஏழு புள்ளி உயரம்.

“ஏழு மலை உயரம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மகள் பென்சிலை எடுத்தாள். பாறையை ஒரு விரற்கடை மேலே ஏற்றினாள். வலது ஓரத்தில் ஏழு புள்ளி எண்ணி ஓர் அலிஃபை நிறுத்தினாள். பாறையின் வலது முனை அதன் தலைமேல் அமர்ந்தது. அதற்கு இடப்புறம், பாறையின் நிழலுக்குள், ஹாவும் தாலும். “தால் முதுகு வளைஞ்ச எழுத்து அத்தா. உடம்பு வளையும். அலிஃப் வளையாது” என்றாள். நான் முப்பது ஆண்டாக அலிஃப் பே சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி ஒரு பாடம் எனக்குத் தோன்றியதில்லை.

அரபு படிப்பவன் கண் வலமிருந்து வரும். அவனுக்கு முதலில் அலிஃப், பிறகு பாறை. தமிழ் படிப்பவன் கண் இடமிருந்து புறப்படும். அவன் பாறையின் பாரத்தை முழுவதும் கடந்து கடைசியில் அலிஃபிடம் வந்து நிற்பான். ஒருவனுக்கு ஈமான் முதலிலும் சோதனை பின்னாலும். மற்றவனுக்குச் சோதனை முதலிலும் ஈமான் பின்னாலும். இரண்டும் உண்மையே. வண்ணத்தில் ஒரே ஒரு முடிவு எடுத்தோம். மணலுக்கு மணல் நிறம், பாறைக்குக் கறுப்பு. சொல்லுக்கு வண்ணமே இல்லை. மூன்று எழுத்தையும் சுற்றி வண்ணம் பூசி, எழுத்தின் இடத்தை வெறுந்தாளாக விட்டுவிட்டாள். தூரிகை தொடாத இடமே சொல்லாக நின்றது.

ஆயினும் எனக்கொரு கவலை இருந்தது. அரபு அறிந்த நமக்கு இது விளங்குகிறது, அறியாதவருக்கு? மறுநாள் காலை, எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் பருத்தி விவசாயி ஒருவர் ஒரு மனு எழுதி வாங்க வந்தார். என்னினும் மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். சுவரில் சாய்ந்திருந்த தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்கய்யா தெரியுது?” என்று கேட்டாள் மகள்.

“சுமைதாங்கிக் கல்லுல்ல ஆத்தா இது!”

எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்துப் பழைய பாதையோரங்களில் இன்றும் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும் சுமைதாங்கியை இளைய வாசகர்கள் அறியாதிருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீள் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவார். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். இளைப்பாறும் கல்லைப்போலக் கொடுமையின் கல் தோன்றிவிட்டதே, படம் கெட்டதே என்று எண்ணினேன்.

பெரியவர் இன்னும் முடிக்கவில்லை. தாளின் அருகே குனிந்து விரலை வைத்தார். “ஆனா இந்தப் பக்கத்துக் காலைக் காணமே. ஒத்தைக் கால்ல எப்பிடி நிக்கும்? இம்புட்டுப் பாரமும் இந்தப் பக்கமா இழுக்குது. இந்நேரம் சாஞ்சிருக்கணுமே.”

சற்று நேரம் பார்த்தார். பிறகு தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல், “சாயலையே!” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவருக்கு அலிஃபும் தெரியாது, அக்காதும் தெரியாது, பிலால் (ரலி) அவர்களின் வரலாறும் தெரியாது. ஆனால் மக்கத்து மணலில் அன்று நடந்தது இதுதானே! சாய்ந்திருக்க வேண்டும், சாயவில்லை. உமையாவுக்கு விளங்காமற்போனதும் அதுவே. சாம்பலிலிருந்து கொடைக்கு நடப்பதுபோல், அவர் தமக்குத் தெரிந்த ஊர்ப்பாதையில் சுமைதாங்கி வழியாக நடந்து அந்தச் சொல்லிடம் வந்து சேர்ந்துவிட்டார். வழியை நாங்கள் போடவில்லை, அவரே கொண்டுவந்தார். நாங்கள் செய்ததெல்லாம் குறுக்கே கிடந்தவற்றை அகற்றியதுதான்.

கல்லூரியில் என்ன மதிப்பெண் கிடைத்தது என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. படத்தின் பெயரை ஏன் இத்தனை சிறியதாக எழுதினாய் என்று மட்டும் கேட்டார்களாம். பிள்ளைகள் கைப்பேசியில் திரைப்பட வசனங்களோடு திரிகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோருக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். கை நீட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். “இந்தச் சொல்லில் உனக்குப் பிடித்தது அதைச் சொன்னவரா, சொல்லா?” சொன்னவர் என்றால் சிரித்துவிட்டு விடுங்கள், வயது கடந்தால் அது கடந்துபோகும். சொல் என்று பிள்ளை விடையளித்தால், அருகே அமருங்கள். அங்கே உங்கள் கிதாபுகளுக்கும் வேலை இருக்கிறது.

அன்று கீழே விழுந்து கிடந்த முதல் தாளை, சங்கிலியும் ஒட்டகமுமாக இருந்ததை, மகள் குப்பையில் போடப் போனாள். வாங்கி நான்காக மடித்தேன். அலமாரியிலிருந்து என் பழைய ‘ஹிதாயத்துன் நஹ்வு’ கிதாபை எடுத்தேன். கடைசியில் கிழிந்த தாளின் விளிம்பு, ஓர் அலிஃப் அகலத்தில், தையலோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அவள் தாளை வைத்து மூடினேன்.